வசந்தியின் புத்தகத்தை நீ வாங்கித் தரவில்லை

சேகர்,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. பெங்களூரில் நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மனசில் ஒரு உறுத்தலும் இல்லாதவனுக்குத்தான் உட்கார்ந்து இப்படியெல்லாம் எழுத வரும். நம் பேட்டைத் தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. வசந்திக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்திய மாதம் என்பதால் அட்டையில் அவள் படம். உள்ளே, நடுப்பக்கத்தில், கட்டம் கட்டி உன் கட்டுரை. 'என் தங்கைக்கு நான் வாங்கித் தந்த புத்தகம்.' அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். படித்து முடித்து அடுப்பை அணைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். இரண்டாம் தடவையும் அதே பொய்தான் இருந்தது.

உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் மடித்து அலமாரியில் போட்டுவிடுவாய். நீ எழுதியது செகந்திராபாத்தில் பாதித் தமிழ் வீடுகளுக்குப் போயிருக்கிறது. எதிர்வீட்டுக் கமலா காலையிலேயே வந்து, "இப்படி ஒரு அண்ணன் கிடைக்க உங்க வசந்தி கொடுத்து வெச்சிருக்கணும் அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் இரண்டு பேரையும் பெற்ற நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது? அதனால் இந்தக் கடிதத்தையும் அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையே உனக்குச் சொல்கிறேனே என்று நினைக்காதே. படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். தவிர, உனக்கு அவை இன்னும் தெரியுமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

1969, தனித் தெலங்கானா கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. உன் அப்பாவுக்கு ஹைதராபாத் பாலாநகர்ப் பக்கம் மத்திய அரசுத் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் வேலை. நாம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வசந்தி அப்போதுதான் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தாள். கணக்கில் அவள்தான் முதல். ஆனால் நகரத்தில் ஒரு கல்லூரியும் திறக்கவில்லை. இன்று திறக்கும் நாளை திறக்கும் என்று ரேடியோவைக் கேட்டுக்கொண்டே நாட்கள் போயின. பையன்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடினீர்கள். பெண்களை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினார்கள். வசந்தியும் போனாள். அப்பாதான் போகச் சொன்னார், அதில் நீ எழுதியது சரி. 'என் தந்தைக்குத் தங்கையின் படிப்பில் அக்கறை இருக்கவில்லை, தட்டச்சு போதும் என்று நினைத்தார்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியத்தின் பின்பாதி மட்டும் உண்மை, அதுவும் ஆடி பிறக்கிற வரைக்கும். அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்று நீ எழுதவில்லை. அவர் இருந்திருந்தால் நீ அந்த வரியை எழுதியே இருக்க மாட்டாய். இல்லாத மனுஷர் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம், எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டார். அவருக்காகச் சொல்ல நான் இருக்கிறேன்.

வசந்தி முதலில் உன்னிடம்தான் வந்தாள். அதுவும் உன் கட்டுரையில் இல்லை. "அண்ணா, பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட கணக்குக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பார்க்கணும். காலேஜ் திறக்கறவரைக்கும் நானே படிச்சிக்கறேன். எந்தப் புத்தகத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம், சொல்லு" என்று கேட்டாள். நீ உன் இன்ஜினியரிங் கணக்குப் புத்தகத்தைத் தூக்கி அவள் மடியில் போட்டாய். நான் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாலைந்து நாள் அதை வைத்துப் படித்துவிட்டு மறுபடி உன்னிடம் வந்தாள். ஒரு பக்கத்தைக் காட்டி அவள் கேட்டது எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"சைபரால வகுக்கக் கூடாதுன்னு தானே அண்ணா சொல்லிக் கொடுத்தாங்க? இங்க முதல் வரியில இது சைபர் இல்லைன்னு சொல்லி வகுக்கறாங்க. அடுத்த வரியிலேயே அது சைபர்தான்னு சொல்லித் தள்ளிவிட்டுடறாங்க. ரெண்டும் எப்படி ஒரே சமயத்துல சரியா இருக்கும்?"

நான் பள்ளி இறுதி வரைதான் படித்தவள். எனக்கே அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு நீ என்ன சொல்லப்போகிறாய் என்று பார்த்தேன். நீ சிரித்தாய். "கைக்கு இந்தத் தலைவலியெல்லாம் உனக்கு? சூத்திரத்தை மனப்பாடம் பண்ணு, கணக்கைப் போடு, விடை வருதா பாரு, அவ்வளவுதான்" என்றாய். உன் சிநேகிதர்கள் அந்த உர்தூப் பையன்களோடு சேர்ந்து அப்போது உனக்கு ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோதான். அவள் மறுபடி, "விடை வருது அண்ணா, ஏன் வருதுன்னுதான் கேக்கறேன்" என்றாள். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, "அதையெல்லாம் தெரிஞ்சிக்கிட்டுத்தான் பாலம் கட்டறாங்களா?" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டாய். உனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஊரடங்கைத் தளர்த்திய ஒரு காலை, அவளைக் கூட்டிக்கொண்டு கோட்டிக் கடைத்தெருவுக்குப் போனது நான். நீ இல்லை. நீ அன்றைக்குப் பதினொரு மணி வரை தூங்கினாய். பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. கோட்டியில் முக்கால்வாசிக் கடைகள் ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள், எந்த நேரமும் மூட வசதியாக. கல்லூரிப் புத்தகங்கள் விற்கிற ஒரு குறுகலான கடைக்குள் போனோம். கடைக்காரர் வயசானவர், தெலுங்குக்காரர். "ஏம் காவாலம்மா?" என்று என்னைப் பார்த்து, என்ன வேண்டுமென்று கேட்டார். நான் வசந்தியைக் கை காட்டினேன். அவருக்கு அதுவே ஆச்சரியம். அவள் என்ன வேண்டுமென்று சொல்லச் சொல்ல மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று பி.எஸ்ஸி. பரீட்சைக்கான கைடு, எல்லாக் கணக்கும் போட்டுக் காட்டியது. இன்னொன்று அமெரிக்கப் புத்தகம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். மூன்றாவது ருஷ்யாவில் அச்சடித்து ஆங்கிலத்தில் பெயர்த்தது, சாணித்தாள் மாதிரி தாள், பசை வாடை, படம் அபூர்வம்.

வசந்தி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, மூன்றிலும் ஒரே இடத்தைத் தேடினாள். உன்னிடம் கேட்டாளே, அந்த இடம்தான். முதல் பக்கத்திலிருந்து புரட்டவில்லை, அட்டையைப் பார்க்கவில்லை, பின்னால் விடை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எந்தக் கேள்வி தன்னைத் தூங்கவிடவில்லையோ அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு புத்தகமும் என்ன செய்கிறது என்று பார்த்தாள். கடைக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்தார். வாசலில் போலீஸ் வண்டி ஒன்று போனது. நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் ருஷ்யப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "இதும்மா" என்றாள்.

"இது புரியுதா உனக்கு?" என்றேன்.

"இல்லம்மா. ஒண்ணும் புரியலை."

எனக்கு எரிச்சலாக வந்தது. புரியாததை வாங்கிப் போய் என்ன செய்யப் போகிறாய் என்று கடையிலேயே சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். "கைடுல 'இது தெளிவு'ன்னு ஒரே வார்த்தையில தாண்டிடறாங்க. அந்த அமெரிக்கப் புத்தகத்துல கார் ஓடற படம் போட்டு அழகா சொல்றாங்க. படிக்கறப்போ புரிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா நான் கேட்டதுக்குப் பதில் இல்லை. இதுல மட்டும்தாம்மா அந்த இடத்துல நின்னு ஒரு பக்கம் முழுக்கப் பதில் சொல்லியிருக்காங்க. எனக்குப் புரியலை. ஆனா இவங்க என்னை ஏமாத்தலை, அது தெரியுது."

கடைக்காரர், எம்.எஸ்ஸி. பிள்ளைகளே இதைத் தொடுவதில்லையம்மா, பெண்ணுக்குக் கைடை வாங்கிக் கொடுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. ஆனால் பதினாறு வயசில் ஒருத்தி இத்தனை காரணம் சொல்லி ஒன்றைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கினோம். நீ எழுதியிருக்கிற 'கடை கடையாக ஏறி இறங்கி, தங்கையின் அறிவுக்கேற்ற நூலைத் தேர்ந்தெடுத்தேன்' என்பது இதுதான். ஏறியது ஒரு கடை. தேர்ந்தெடுத்தது அவள்.

வீட்டில் அப்பா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "என்னடி இது, கிரேக்க எழுத்தா இருக்கு" என்றார். அவருக்கும் பிடிக்கவில்லை, மறைக்க மாட்டேன். நீயோ அதை நண்பர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டிச் சிரித்தாய். சாப்பிட உட்காரும்போது, "மேடம் இன்னும் முதல் அத்தியாயம்தானா?" என்பாய். முதல் அத்தியாயம்தான். காலையில் டைப்ரைட்டிங், மத்தியானம் புத்தகம். ஒரே பக்கத்தைப் பார்த்தபடி நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பாள். எழுதுவாள், அடிப்பாள், கிழிப்பாள். நான் காபியைக் கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய் ஆடை படிந்து அப்படியே இருக்கும். எனக்கும் கவலைதான். ஆனால் அவள் புத்தகத்தை அவளிடமிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்கோ அப்பாவுக்கோ தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவள் டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து திரும்பி வந்தபோது மேஜை மேல் அந்தப் புத்தகம் இல்லை. அதே கடையின் கைடு இருந்தது. நீ ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி நின்றாய். "அந்த ருஷ்யாக்காரன் நக்கோ. கடையில கொடுத்து மாத்திட்டேன். இதுல எல்லாத்தையும் போட்டுக் காட்டியிருக்கான். படி, பாஸ் பண்ணு, வேலையைப் பாரு" என்றாய். அவள் அழவில்லை. கைடைத் தொடவும் இல்லை. "அதே கடையா?" என்று மட்டும் கேட்டாள். நீ ஆமாம் என்றாய். கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து பிளாக்கில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்கு அழப் போகிறாள் என்று நினைத்து நான் தடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு ரேடியோவில் சொன்னார்கள், கோட்டிப் பக்கம் கல்வீச்சு, கண்ணீர்ப் புகை, பஸ்கள் நிறுத்தம் என்று. நான் சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன். அவள் அங்கே வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலை ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். சைக்கிளை நிறுத்தியவரிடம் நடந்ததைச் சொன்னேன். உன்னைப் பார்த்து, "அவளை எந்தக் கடைக்குப் போக வெச்சே?" என்று கேட்டார். நீ கடையின் அடையாளத்தைச் சொல்லிவிட்டு, "வந்துடுவாப்பா, பெரிய பொண்ணுதானே" என்றாய். அவர் சாப்பிடவில்லை, தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வந்த சைக்கிளைத் திருப்பி மிதித்தார், பாலாநகரிலிருந்து கோட்டிக்கு, தூறலில். நீ ஈஸிசேரில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாய். 'ஊரடங்குக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து' என்று நீ எழுதியிருக்கிற இடத்தில் வர வேண்டிய ஆள் அவர், சேகர். நீ இல்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தார்கள். அப்பா மிதிக்க முடியாமல் மிதித்து வந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் கேரியரில் வசந்தி, தாவணித் தலைப்பில் சுற்றிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. அன்றைக்கு என்ன நடந்தது என்று அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கடைக்காரர் அவளிடம், கைடைக் கொண்டு வந்தால் புத்தகத்தைத் தருகிறேன் என்றாராம். இவள் கைடை எடுத்துப் போகவில்லை. சரி, அதுவரைக்கும் இங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்று அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் வெளியே கல் விழ ஆரம்பித்தது. அவர் இவளை உள்ளே வைத்து ஷட்டரை இழுத்துவிட்டார். நல்ல மனுஷர். அப்பா போய் ஷட்டரைத் தட்டியபோது பயத்தில் திறக்கவில்லை. "பாப்பா, அப்பா வந்திருக்கேன்" என்று தமிழில் கத்திய பிறகு வசந்தி சொல்லித்தான் திறந்திருக்கிறார்.

"பயந்து நடுங்கிப் போயிருப்பான்னு நெனைச்சு உள்ள போறேன்" என்றார் அப்பா. "பல்புக்குக் கீழ உக்காந்து படிச்சிட்டிருக்கா. நிமிர்ந்து என்னைப் பார்த்து, 'அப்பா, ஒரு நிமிஷம்'ங்கறா. ஊரே பத்தி எரியுது, என்னை ஒரு நிமிஷம் இருங்கறா. அறையணும்னு கை ஓங்கிட்டேன். அப்புறம் ஏனோ முடியலை. அவ அந்தப் பத்தியை முடிக்கறவரைக்கும் நின்னேன்."

நின்றார், சேகர். டைப்ரைட்டிங் போதும் என்று நினைத்த மனுஷர், கண்ணில் புகையோடு, மகள் ஒரு பத்தியை முடிக்கும்வரை நின்றார். அதை எழுத உனக்கு இடம் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளைத் திட்டாமல் விடவில்லை. இனிமேல் சொல்லாமல் வாசற்படி தாண்டினால் காலை ஒடிப்பேன் என்றார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். அதற்கப்புறம் உன் பக்கம் திரும்பினார். நீ என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாய். "அவ புத்தகத்தை இனிமே நீ தொடாதே. அவளுக்குப் புரியலைன்னா அவ புரியாமயே இருந்துட்டுப் போறா. அது உன் வேலை இல்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கோட்டிக்குப் போய், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தபடி அந்தக் கைடைத் திருப்பிக் கொடுத்தார். ஆக, நீ உன் தங்கைக்கு வாங்கித் தந்த புத்தகம் என்று ஒன்று உண்டு, இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அது நம் வீட்டில் ஒரு ராத்திரி இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் உன் அப்பா தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வரைபடத் தாள்களைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வருவார். ஒரு பக்கம் எந்திரப் படம், மறுபக்கம் வெள்ளை. வசந்தி கூடத்துத் தரையில் அதை விரித்துப் படுத்துக்கொண்டு எழுதுவாள். சில சாயங்காலங்களில் அவரை உட்கார வைத்து விளக்கிச் சொல்வாள். அவருக்கு ஒன்றும் விளங்காது. பாதியில் தூங்கிவிடுவார். விழித்துக்கொண்டு, "ம், சொல்லு" என்பார். அவள் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கல்லூரி திறந்து அவள் பி.எஸ்ஸி.யில் சேர்ந்த நாளில் புது டிரெஸ்ஸோடு அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி, இன்று பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லித் தருகிறாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். அதில் உன் பங்கு என்ன என்று யாரும் கேட்கவில்லையே, ஏன் நீயாகச் சொல்லப் போனாய்?

நீ அன்றைக்குச் செய்ததற்காக எனக்கு இப்போது கோபம் இல்லை. இருபது வயசுப் பையன், தங்கை ஒரு கேள்வி கேட்டு வாயை அடைத்துவிட்டாள் என்ற ரோஷம். அதை நான் அப்போதே மறந்துவிட்டேன். என் கோபம் இன்றைய சேகர் மேல், தலை நரைக்கத் தொடங்கிய, தன் கீழ் நூறு பேரை வைத்து வேலை வாங்குகிற சேகர் மேல். நீ அவள் படிப்புக்குக் குறுக்கே நின்றதாக எழுதியிருக்கலாம், இல்லை, எதுவும் எழுதாமல் இருந்திருக்கலாம். அவள் மடியில் மூன்று புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே முடிவு செய்தாளே, அதை எடுத்து உன் பையில் போட்டுக்கொண்டாய். ஒரு பெண் படித்து முன்னுக்கு வந்தால் யாராவது ஒரு ஆம்பிளை புத்தகம் வாங்கித் தந்திருக்க வேண்டும், அப்போதுதான் கதை நிற்கும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. பத்திரிகைக்காரருக்கும் அப்படியே தோன்றியதால் கட்டம் கட்டிவிட்டார். கமலாவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாங்கிக் கொடு, அது நல்ல காரியம்தான். ஆனால் தான் படிக்க வேண்டிய புத்தகத்தை ஒருத்தி தானே பார்த்து எடுத்தாள் என்றால், அதில் பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைத்தான் நீ இல்லை என்று ஆக்கிவிட்டாய்.

நேற்று சாயங்காலம் வசந்திக்குப் போன் செய்தேன். படித்தாயா என்று கேட்டேன். படித்தேன் என்றாள். "விடும்மா, அண்ணனுக்கு நிஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கோ என்னமோ" என்று சிரித்தாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. உன் அப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறானே, அதுகூட உனக்கு உறுத்தவில்லையா என்று கத்தினேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்.

"அப்பா யாருன்னு எனக்குத் தெரியும்மா. அதை யார் எழுதியும் மாத்த முடியாது. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமா இருந்துது. முடிவுல எழுதியிருக்கான் பாரு, 'புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் என் தங்கை அதைக் கதைப்புத்தகம் போல் ஒரே மூச்சில் படித்து முடித்தாள்'னு. அந்த முதல் அத்தியாயம் எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சும்மா. பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன், உனக்குக்கூடத் தெரியாது. இப்ப என்கிட்ட படிக்க வர்ற பொண்ணுங்கள்ல பாதிப் பேர், ரெண்டு நாள் புரியலைன்னா எனக்கு மூளை இல்லைன்னு புத்தகத்தை மூடிடறாங்க. அவங்கள்ல ஒருத்தி இந்தக் கட்டுரையைப் படிச்சா, மேடத்துக்கு எல்லாம் சுலபமா வந்துது, நமக்கு வராதுன்னு நினைச்சிக்க மாட்டாளா?"

நான் அப்பாவுக்காகவும் நியாயத்துக்காகவும் கொதித்துக்கொண்டிருந்தேன். அவள் யாரோ முகம் தெரியாத பெண்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் சொல்கிறேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், அவளும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிய வரியை நான் இந்தக் கடிதத்தில் திருத்திவிட்டேன், அது என் பொறுப்பு. நீ அடுத்த மாதப் பத்திரிகைக்கு இன்னொன்று எழுது. புத்தகத்தை வாங்கித் தந்தது யார், மாற்றியது யார் என்பதை எழுத உனக்குக் கௌரவம் இடம் கொடுக்காவிட்டால் போகட்டும். என் தங்கைக்கு அந்தப் புத்தகம் புரியவில்லை, மாதக்கணக்கில் புரியவில்லை, அவள் அழுதாள், ஆனாலும் அதை மூடவில்லை என்று எழுது. பெரிய எழுத்தில், கட்டம் கட்டிப் போடச் சொல். உன் பேரையும் கீழே போட்டுக்கொள்.

அம்மா